பலகை வைக்கச் சொல்லு

என் வீட்டுக்காரருக்கும் என் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள், ஒரே தட்டிலிருந்து கடலை எடுத்துத் தின்பார்கள், ஆனால் பேசுவது என்னிடம்தான். "உன் தம்பிகிட்ட ஜன்னலைச் சாத்தச் சொல்லு" என்பார் இவர். ஜன்னலில் சாய்ந்துகொண்டு நிற்கிற தம்பிக்கு அது காதிலேயே விழாது. நான் திரும்பி, "டேய், ஜன்னலைச் சாத்துடா" என்றால்தான் அவன் கை நீளும். என் வாய் வழியாக வராத எதையும் அவர்கள் கேட்டதாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் இரண்டாம் வகுப்பு டீச்சர். நாள் முழுக்க "மிஸ், என் ரப்பரைத் தரச் சொல்லுங்க மிஸ்" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே வகுப்புதான். என்ன, இங்கே பிள்ளைகளுக்கு மீசை இருக்கிறது.

சண்டைக்குக் காரணம் ஒரு மின்விசிறி. சிரிக்காதீர்கள். இவர் கூடத்தில் தன் கையாலேயே ஒரு மின்விசிறி மாட்டினார். அது சுற்றும்போதெல்லாம் 'கடக், கடக்' என்றது. என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். எங்கேயாவது சத்தம் கேட்டால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. இவர் குளிக்கப் போன நேரத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறி, அதைக் கழற்றி, சரிபண்ணி மாட்டிவிட்டான். சத்தம் நின்றது. அதுதான் இவருக்குப் பொறுக்கவில்லை. தலையில் துண்டோடு வந்து நின்று, "யாரைக் கேட்டுக் கை வெச்ச? இது என் வீடு. நீ யாரு?" என்றார்.

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. அம்மா அப்பா போனபிறகு அவன் எங்களோடு வளர்ந்தவன். அவனுக்கு சைக்கிள் பழக்கியது இவர், கார் ஓட்டப் பழக்கியதும் இவர். எந்நேரமும் "அத்தான், அத்தான்" என்று இவர் பின்னாலேயே திரிந்தவன். அன்றைக்கு ஸ்டூலிலிருந்து இறங்கி, கையைக் கழுவிக்கொண்டு, தன் அறைக்குப் போய்விட்டான். அதற்கப்புறம் அவன் வாயில் 'அத்தான்' வரவே இல்லை. 'உன் வீட்டுக்காரர்'தான். இவருக்கும் சொன்னது தப்பு என்று தெரியும். ஆனால் வீம்பு விடுமா?

இப்போது தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள், பெட்டியை அழுத்தி மூடிக்கொண்டே, பெரிய விஷயமே இல்லை என்பது போல் சொன்னான்: "லீவுல வந்தா ஏதாவது ஹோட்டல்ல தங்கிக்கிறேன்கா. நீ வந்து பாத்துட்டுப் போ." எனக்கென்று இருப்பது அவன் ஒருவன். அவன் என் வீட்டுக்கு வராமல் ஹோட்டலில் தங்குவான், நான் விசிட்டர் மாதிரி போய்ப் பார்க்க வேண்டுமா? அன்றைக்கே முடிவு பண்ணினேன். இவன் விமானத்தில் ஏறுவதற்குள் இந்த இரண்டு கல்லுளிமங்கன்களும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். பேசாமல் போனால் அப்படியே இறுகிவிடும், பிறகு யார் வந்தாலும் அவிழ்க்க முடியாது.

அதனால்தான் விமான நிலையத்துக்கு டாக்ஸி வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றேன். நம் காரிலேயே போகலாம், இவரே ஓட்டட்டும். இவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். "கண்ணாடியைப் பாரு, கண்ணாடியைப் பாருன்னு எத்தனை தடவை சொல்றது" என்று மாணவர்களின் உயிரை வாங்குகிறவர். அந்த மனுஷன் கிளம்புகிற நாள் காலையில் வண்டியில் ஏறியதும் முதல் வேலையாக உள்ளே இருக்கும் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பின் சீட்டில் தம்பி. அவன் முகம் தெரியக் கூடாதாம்.

"பின்னாடி வர்ற லாரி எப்படிங்க தெரியும்?" என்றேன்.

"சைடு கண்ணாடி இருக்குல்ல."

பின்னாலிருந்து தம்பி சொன்னான்: "அக்கா, லாரி எதுவும் வரல. உன் வீட்டுக்காரரைப் பயப்படாம போகச் சொல்லு."

"பயமா? எனக்கா? இந்த ரோட்டுல அவன் பொறக்கறதுக்கு முன்னாடியே..."

"மெதுவாப் போகலாம்னு சொல்றாங்க ரெண்டு பேரும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நான் வெளியே பார்த்தேன். இதுதான் என் வேலை. இந்தப் பக்கம் வருகிற முள்ளை உருவிவிட்டு அந்தப் பக்கம் பூவாக நீட்ட வேண்டும். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

பாலத்திலிருந்து இறங்கும்போது வண்டி இடது பக்கம் இழுத்தது. கூடவே 'டபடப' என்று ஒரு சத்தம். இவர் ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தார். முன்பக்க இடது டயர் தரையோடு படுத்துக் கிடந்தது. இவர் அங்கேயே சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தார்.

"அக்கா, இது சரிவு. ஜாக்கி போட்டா வண்டி உருண்டுடும். சமமான இடத்துக்குப் போகச் சொல்லு."

"சரிவுன்னு எனக்குத் தெரியாதா? டயர்ல காத்து இல்லாம ஓட்டினா ரிம் போயிடும்னு அவன்கிட்ட சொல்லு."

"ரிம் போனா மாத்திக்கலாம். ஆள் போனா மாத்த முடியாதுன்னு சொல்லு."

"கொஞ்சம் முன்னாடி போனா நல்ல இடம் இருக்காம்" என்றேன் நான்.

இவர் யோசிப்பது போல் பாவனை செய்தார். "நானே அதைத்தான் நினைச்சேன்" என்று வண்டியில் ஏறி நத்தை வேகத்தில் உருட்டிக்கொண்டு போனார். பாலம் முடிந்ததும் சாலையோரம் ஒரு கிடங்கு இருந்தது. பெரிய இரும்புக் கதவு, முன்னால் அகலமான வெற்றிடம், கதவையொட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வாட்ச்மேன். பொழுது போகாமல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நேரம் நிறைய இருந்தது, இவர் எங்கே போவதென்றாலும் பொழுது விடிவதற்குள் கிளப்பிவிடுகிற ஆள். இரண்டு பேரும் சேர்ந்து செய்தே ஆகவேண்டிய வேலை ஒன்று தானாக வந்து மாட்டியிருக்கிறது. பஞ்சர் ஆக்கிய ஆணிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

இவர் இறங்கியதும் பாடம் எடுக்கிற குரலில் ஆரம்பித்தார். "எல்லாரும் இறங்குங்க. ஆளை உள்ள வெச்சுட்டு வண்டியைத் தூக்கக் கூடாது." மற்ற வண்டிகளை எச்சரிக்க வைக்கிற சிவப்பு முக்கோணத்தை எடுத்துக்கொண்டு நடந்து போய்ச் சாலையில் வைத்துவிட்டு வந்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், கியரைப் போட்டார், பின் சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஓரத்தில் கிடந்த செங்கல்லை வைத்தார். அதுவரை எல்லாம் ஒழுங்கு. ஒழுங்காக இருந்ததால் தம்பிக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, அவன் முகம் வாடிப்போனது. இவர் ஜாக்கியை எடுத்ததும்தான் உயிர் வந்தது.

"அக்கா! நட்டை முதல்ல லூஸ் பண்ணச் சொல்லு. தூக்கின பிறகு திருகினா சக்கரம்தான் சுத்தும், வண்டியும் ஆடும்."

இவர் கையில் ஜாக்கியோடு அப்படியே நின்றார். மறந்துதான் போயிருந்தார், எனக்குத் தெரியும். ஆனால் கேட்டதாகக் காட்டிக்கொள்ள முடியாதே. நான் சொல்லும் வரைக்கும் ஜாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதோ சந்தையில் வாங்க வந்தவர் மாதிரி.

"நட்டை முதல்ல லூஸ் பண்ணணுமாம்."

"தெரியும்னு சொல்லு."

"தெரிஞ்சா ஏன் ஜாக்கியைத் தூக்கினாராம்னு கேளு."

"எடை பாத்தேன்னு சொல்லு!"

"எடை பாத்தாராமா? பழைய இரும்புக்கடைல போடவான்னு கேளு!"

இருவருக்கும் நடுவில் நான். தலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். கழுத்து சுளுக்கிக்கொண்டது. ஒரு முழ தூரத்தில் நிற்கிறார்கள்! எச்சில் தெறித்தால் எதிராளி மேல் படும் தூரம்! எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"போதும்! இனிமே நான் சொல்ல மாட்டேன். ஸ்ட்ரைக். வேணும்னா நீங்களே பேசிக்கோங்க, இல்லன்னா ரெண்டு பேரும் ஊமையா இருங்க" என்று டிக்கியிலிருந்து தம்பியின் பெட்டியை இறக்கி, தூரத்தில் மர நிழலில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

இனி வேறு வழியில்லை, பேசித்தானே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். இவர்களை நான் சரியாக எடைபோடவில்லை. தம்பி ஒரு நிமிடம் வானத்தைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான், பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "அண்ணே" என்றான்.

வாட்ச்மேன் எழுந்தே விட்டார். "என்னையா தம்பி?"

"அந்த சார்கிட்ட, ஜாக்கியை அந்த இடத்துல வைக்க வேண்டாம்னு சொல்லுங்கண்ணே. அடியில வெட்டுன மாதிரி ஒரு காடி இருக்கும், அதுலதான் வைக்கணும்."

வாட்ச்மேன் இவர் பக்கத்தில் போய், சத்தமாக ஒப்பித்தார். "சார், ஜாக்கியை அங்க வைக்கக் கூடாதாம். காடியில வைக்கணுமாம்."

"காடியிலதான் வெச்சிருக்கேன், கண்ணாடி மாட்டிக்கிட்டுப் பாக்கச் சொல்லுங்க."

"தம்பி, காடியிலதான் வெச்சிருக்காராம். உங்களுக்குக் கண்ணு தெரியலையாம். கண்ணாடி போடணுமாம்."

"நானா கண்ணாடி போடணும்? கண்ணாடியைக் கூரைக்குத் திருப்பி வெச்சுட்டு ஓட்டுற ஆளுக்கு மூளை இருக்கான்னு கேளுங்கண்ணே!"

"சார், உங்களுக்கு மூளை இருக்கான்னு கேக்கறாரு."

வாட்ச்மேன் முகத்தில் அப்படி ஒரு களை. நாள் முழுக்க பேச ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்தவருக்கு இப்படியொரு வேலை. கேட்டதை ஒரு எழுத்து விடாமல் சுடச்சுடக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இவர் முகம் சிவந்தது, தம்பி காது சிவந்தது. நான் இத்தனை நாள் எவ்வளவு வடிகட்டியிருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் புரிந்தது. ஸ்ட்ரைக்கை வாபஸ் வாங்கலாமா என்று கூட யோசித்தேன். எனக்கும் வீம்பு உண்டு, உட்கார்ந்தே இருந்தேன்.

நட்டுகளைத் தளர்த்தினார். வண்டியைத் தூக்க ஆரம்பித்தார். இவர் ஜாக்கியின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற முன்பக்கம் மெல்ல மேலே வந்தது. தம்பி குனிந்து ஜாக்கியின் அடியைப் பார்த்தான். முந்தின நாள் மழை. மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே மண் இளகியிருந்தது.

"அண்ணே, மண்ணு லூசா இருக்கு. ஜாக்கி இறங்கிடும். கீழ ஒரு பலகை வைக்கச் சொல்லுங்க."

"சார், பலகை வைக்கணுமாம். மண்ணு லூசாம்."

"மண்ணு நல்லாத்தான் இருக்கு. அவன் மண்டைதான் லூசுன்னு சொல்லுங்க."

"தம்பி, உங்க மண்டைதான் லூசாம்."

தம்பி வாட்ச்மேன் பக்கம் திரும்பினான். "உள்ள பலகை ஏதாவது கிடக்குமாண்ணே? போய் எடுத்துட்டு வாங்க, நான் குடுத்தா வாங்க மாட்டாரு, நீங்களே குடுங்க" என்று அவரை அனுப்பினான். அவர் பாதி மனசோடு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கிடங்குக்குள் போனார். இவர் அதற்குள் சக்கரத்தை உருவி எடுத்து ஒரு பக்கம் உருட்டிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நட்டுகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி சத்தம் போடாமல் டிக்கியிலிருந்து மாற்றுச் சக்கரத்தை, அந்த ஸ்டெப்னியை, எடுத்து வந்தான். வண்டியின் அடியில், கதவுக்கு நேர் கீழே, படுக்கை வாட்டில் காலால் தள்ளி வைத்தான். யாரையும் கேட்கவில்லை. அவன் கை சும்மா இருக்காது என்று சொன்னேன் அல்லவா.

இவர் கையிலிருந்து ஒரு நட்டு நழுவி வண்டிக்கு அடியில் உருண்டது. முழங்காலிட்டு, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

நான் அங்கிருந்தே பார்த்தேன். ஜாக்கி லேசாகச் சாய்ந்தது. அதன் அடிப்பக்கம் மண்ணுக்குள் ஒரு விரல் அளவு இறங்கியது. வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. தம்பி வாட்ச்மேன் போன பக்கம் பார்த்தான். ஆள் இல்லை. என்னைப் பார்த்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் சொல்லி அனுப்ப யாராவது கிடைப்பார்களா என்று அவன் கண் தேடியது.

"அத்தான்! கையை எடுங்க! அத்தான்!"

இவர் கையை உருவிக்கொண்டு பின்னால் விழுந்தார். அடுத்த கணம் ஜாக்கி மடங்கி, வண்டி 'தொம்'மென்று இறங்கியது. கதவின் அடிப்பக்கம் ஸ்டெப்னியின் மேல் உட்கார்ந்து நின்றது. சக்கரம் இருந்த இடத்து இரும்புத் தட்டு, இவர் கை துழாவிக்கொண்டிருந்த இடத்தில், மண்ணைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

நான் எப்படி ஓடி வந்தேன் என்று தெரியாது. இவர் மண்ணில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், அது தன்னுடையதுதானா என்று சரிபார்ப்பது போல. ஐந்து விரலையும் மடக்கி நீட்டினார். தம்பி பக்கத்தில் நின்று மூச்சிரைத்தான். கடவுளே, இவர்கள் மறுபடியும் அந்த ஊமை நாடகத்தை ஆரம்பித்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போது வாட்ச்மேன் பலகையோடு ஓடி வந்தார். "கொண்டாந்துட்டேன்! இப்ப யார்கிட்ட என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம், பலகையை மட்டும் குடுங்க" என்று நான் வாங்கிக்கொண்டேன். அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

இவர் நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராகத் தம்பியைப் பார்த்தார்.

"அந்த ஸ்டெப்னியை யாரைக் கேட்டு அங்க வெச்ச?"

தம்பியின் முகம் விறைத்தது. "யாரையும் கேக்கல."

இவர் வண்டியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"கேக்காததே நல்லது" என்றார். பிறகு மண்ணைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கும் நீ கேட்டிருக்க வேண்டியதில்ல. நான்தான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

தம்பி கையை நீட்டினான். இவர் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்தபிறகும் விடவில்லை. நான் பலகையைக் கட்டிக்கொண்டு நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் பேச்சு! அணை உடைந்தது போல் இரண்டு பேரும் கொட்டினார்கள். "கத்துறதுக்கு இவ்வளவு நேரமாடா?" "பலகை வைங்கன்னு சொன்னப்ப நீங்க கேட்டீங்களா அத்தான்?" "வாட்ச்மேன் சொன்னா நான் கேக்கணுமா?" பேசிக்கொண்டே பலகை போட்டு, ஜாக்கியை நிமிர்த்தி மறுபடி தூக்கினார்கள். பேசிக்கொண்டே பழைய சக்கரத்தை அடியில் தள்ளி ஸ்டெப்னியை இழுத்து மாட்டினார்கள். நட்டுகளை எதிரெதிராக முடுக்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல, வண்டி இறங்கிய பிறகு இன்னொரு தடவை முடுக்க வேண்டும் என்று மற்றவர் சொல்ல, ஒருவர் கை நீட்டினால் மற்றவர் ஸ்பேனரை வைத்தார். "முக்கோணத்தை எடுத்தாச்சா?" என்று நான் கேட்டேன். யார் காதிலும் விழவில்லை. நானே போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.

கிளம்பும்போது தம்பி முன்கதவைத் திறந்தான். "அக்கா, நீ பின்னாடி உக்காந்துக்கோ. அத்தான்கிட்ட கொஞ்சம் பேசணும்."

பேசட்டும், நன்றாகப் பேசட்டும் என்று பின்னால் போய் உட்கார்ந்தேன். இவர் கண்ணாடியைச் சரியாகத் திருப்பினார். அதில் நான் தெரிந்தேன். இவர் என்னைப் பார்த்தது லாரி வருகிறதா என்று பார்ப்பதற்கு மேல் ஒன்றுமில்லை. வழி முழுக்க லிஃப்ட், கியர், ஜாக்கி, யாரோ ஒரு மாணவன் வாய்க்காலில் காரை விட்ட கதை. நடுவில் நான் ஒரு விஷயம் சொன்னேன். "ம்" என்றார்கள் இரண்டு பேரும் ஒன்றாக. முன்பெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல் இவர்களுக்கு ஒரு வாக்கியம் முடியாது.

விமான நிலையத்திலும் அதே கதைதான். வாசலில் நின்றுகொண்டு ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுப் பேசினார்கள். கடிகாரத்தை நான்தான் பார்த்தேன், "நேரமாச்சுடா" என்று நான்தான் தள்ளினேன். தம்பி திடுக்கிட்டு, இவரை இறுகக் கட்டிப் பிடித்து, சட்டை முழுக்கக் கிரீஸைப் பூசிவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினான். கதவுக்கு அப்பால் திரும்பிக் கையை ஆட்டினான். "போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுறேன் அத்தான்!"

போய்விட்டான். என்னிடம் ஒரு 'போயிட்டு வரேன்' சொல்லவில்லை.

"தங்கமான பையன்" என்றார் இவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நான் காரில் வந்து உட்கார்ந்தேன். நினைத்தது நடந்துவிட்டது, வேண்டியது கிடைத்துவிட்டது, ஆனால் என்னை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். அப்போது கைப்பேசி அடித்தது. என்னுடையது அல்ல, இவருடையது.

"சொல்லு மச்சான்! செக்கிங் முடிஞ்சுதா?" ஒரே சிரிப்பு. பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் தம்பிதான். உன்கிட்ட சொல்லிக்காம போயிட்டானாம், பதறுறான். பேசுறியான்னு கேக்கறான்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "நான் அவன்கூடப் பேசறதில்லன்னு சொல்லுங்க! இத்தனை நாள் உங்க ரெண்டு பேருக்கும் வாயா இருந்தவ நான். போறப்ப என் மூஞ்சியக்கூடப் பாக்கல, திமிர் பிடிச்ச கழுதை. அப்படியே சொல்லுங்க, ஒரு எழுத்து விடாம!"

இவர் என் கன்னத்தில் கண்ணீர் வழிவதைப் பார்த்தார். பிறகு கைப்பேசியைக் காதில் வைத்தார்.

"மச்சான், பத்திரமா போயிட்டு வரச் சொல்றா உங்க அக்கா" என்றார். "லீவுல வந்தா நேரா நம்ம வீட்டுக்குத்தான் வரணுமாம்."